அம்பலமும் அம்பரமும்

1

தமிழ்ப் புதுக்கவிதையில் ‘வெளி’ என்ற சொல் இறைபடும் அளவுக்கு வேறு எந்தச் சொல்லும் இறைபடுவதில்லை. முதல் தொகுதி போடுகிற எந்த இளைஞரின் புத்தகத்தைப் பிரித்தாலும் பத்துப் பக்கத்துக்குள் ஒரு வெளி வந்துவிடுகிறது. இந்த வெளிகளில் ஆள் நடமாட்டம் கிடையாது. கடை, கூட்டம், போலீஸ்காரர், சுண்டல் விற்கிறவர் யாரும் இல்லை. கவிஞர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். சில சமயம் கடைசி வரிக்குள் அவரும் கரைந்துபோவார். படித்து முடித்ததும் ஏதோ பெரிய விஷயம் சொல்லப்பட்டது போன்ற ஒரு பிரமை. என்ன சொல்லப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது.

இது ஏன் நேர்ந்தது என்று யோசிக்க அயல்நாட்டுத் தத்துவங்களுக்குப் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள சுமார் 45 கிலோமீட்டர் போதும். ஒரு முனையில் மஞ்சக்குப்பம் மைதானம்; மறு முனையில் தில்லைச் சிற்றம்பலம். மைதானம், அம்பலம் இரண்டுமே பொது இடத்துக்கான சொற்கள். ஒன்று அரபியிலிருந்து பல கை மாறி வந்தது. மற்றது தேவாரக் காலத்துக்கு முன்பிருந்தே இங்கு வழங்கிவருவது. இந்த இரண்டும் எங்கெங்கே போய் என்னென்ன ஆயின என்று பார்ப்பதை மொழியியல்காரர்களின் வேலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சொல்லுக்குள் யார் நிற்கிறார்கள் என்று கேட்பது கவிதை விமர்சனத்தின் வேலையும்தான் என்பது என் கட்சி.

2

மைதானம் என்றால் நமக்குப் பையன்கள் பந்து விளையாடுகிற இடம். தேர்தல் வந்தால் கட்சிகள் மேடை போடுகிற இடம். அரபு ‘மைதான்’ பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் வந்து தமிழுக்கும் சேர்ந்தது. அதே சொல் பாரசீகம், துருக்கி மொழிகளின் வழியாக வடக்கிலும் மேற்கிலும் பரவியது. சிரிலிக் லிபியை ஆதியிலிருந்தே கையாண்ட ஸ்லாவிய மொழிகளிலும், சோவியத் காலத்தில் அந்த லிபிக்கு மாற்றப்பட்ட துருக்கிய மொழிகளிலும் அது உண்டு. எழுத்து ஏறத்தாழ ஒன்றே. அர்த்தம்தான் ஒவ்வொரு எல்லையிலும் மாறிக்கொண்டே போகிறது.

உக்ரேனிய மொழியில் மைதான் என்பது நகரச் சதுக்கம். கீவ் நகரின் சுதந்திரச் சதுக்கத்துக்குப் பெயரே அதுதான். 2004லும், பிறகு 2013-14 குளிர்காலத்திலும் மக்கள் அங்கே திரண்டு நின்ற பிறகு அது இடத்தின் பெயராக மட்டும் இருக்கவில்லை. கிளர்ச்சிக்கே மைதான் என்று பெயராயிற்று. கஸக் மொழியில் மைதான் என்றால் போர்முனை. 1941க்குப் பின் ஸ்டெப்பிக் கிராமங்களிலிருந்து செம்படையில் சேர்ந்து போனவர்கள் ‘மைதானுக்கு’ப் போனார்கள், பலர் திரும்பவில்லை. தாத்தாரியருக்கு அது உழவு முடிந்து நடக்கிற சபந்துய் திருவிழாவில் மல்யுத்தம் நடக்கும் களம். உஸ்பெக் மொழியில் அது வயலாகவும் சதுக்கமாகவும் இருக்கிறது. நிலத்தின் பரப்பளவைச் சொல்லவும் அதே சொல். பல்கேரியாவில் ‘மெக்தான்’ என்று உரு மாறிக் கிராமத்துப் பொதுவிடமாக நிற்கிறது. பக்கத்துச் செர்பியாவில் அதே ‘மெக்தான்’ இரண்டு பேர் வாளெடுத்துத் தீர்த்துக்கொள்கிற சண்டை.

சிரிலிக் லிபியை விட்டுப் போலந்துக்குள் நுழைந்தால் சொல் கறுத்துவிடுகிறது. லூப்ளின் நகரின் புறத்தே தாத்தார் மைதான் என்று ஒரு பகுதி. அதை ஒட்டி 1941ல் ஜெர்மானியர் ஒரு முகாம் அமைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதை ‘மைதானெக்’ என்றார்கள். சின்ன மைதானம் என்று செல்லமாகக் குறுக்குகிற விகுதி. 1944 ஜூலையில் செம்படை நுழைந்தபோது உலகம் முதன்முதலாகப் பார்த்த விஷவாயு அறைகள் அங்கே இருந்தன.

ருஷ்ய மொழியில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1850 முதல் நான்கு வருஷம் ஓம்ஸ்க் சிறையில் கிடந்த தாஸ்தயெவ்ஸ்கி, பின்னால் அந்த அனுபவத்தை நாவலாக எழுதினார். கைதிகளின் கொட்டடியில் ஒருவன் மெலிந்துபோன ஒரு கம்பளத் துண்டு வைத்திருப்பான். ஓர் அர்ஷின், நம் கணக்கில் ஒன்றரை முழம். ஒரு மெழுகுவர்த்தி, அழுக்கும் பிசுக்கும் ஏறிய சீட்டுக்கட்டு. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கைதிகள் வைத்த பெயர் மைதான். இரவில் கதவு பூட்டிய பிறகு அதைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை சூதாடுவார்கள். 1890ல் சகாலின் தீவுக்குப் போன செகாவும் அங்கே சிறைச் சூதாட்டத்துக்கு இதே பெயர் இருந்ததைக் குறித்திருக்கிறார்.

ஒன்றரை முழத் துணியை ஏன் மைதானம் என்றார்கள்? வேர்ச்சொல் அகராதி இதற்குப் பதில் சொல்லாது. ‘திறந்த நிலம்’ என்று மட்டும் சொல்லும். சிறைக்குள் அதிகாரியின் உத்தரவு இல்லாமல், தங்கள் இஷ்டத்தில், தங்கள் நஷ்டத்தில் அந்த மனிதர்கள் கூடுகிற ஒரே இடம் அதுதான். நிலம் முழுவதும் பறிக்கப்பட்டவன் தன்னிடம் மிஞ்சிய ஒன்றரை முழத்துக்கு நிலத்தின் பெயரை வைத்தான். இதைவிடக் கவித்துவமான செயலை நான் அதிகம் படித்ததில்லை. தாஸ்தயெவ்ஸ்கி இதை உருவகம் என்று சுட்டிக்காட்டி ரசிப்பதில்லை. கம்பளம், மெழுகுவர்த்தி, சீட்டு என்று சாமான்களைச் சொல்லிப் பெயரையும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். நம் கவிஞர் ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால் சிறையின் வெளி, வெளியின் சிறை என்று இரண்டு பக்கம் போயிருக்கும். கம்பளம் காணாமல் போயிருக்கும்.

3

இங்கே இரண்டு கோஷ்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, சொல்லின் வேரே அதன் உண்மை என்று நம்புகிறவர்கள். தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். அவருடைய உழைப்பும் பிடிவாதமும் சாதாரணமானவை அல்ல. ஆனால் அவர் வழியில் வந்தவர்களுக்கு வேர் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. சொல் அதற்குப் பின் ஆயிரம் வருஷம் யார் வாயில் இருந்தது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதெல்லாம் அவர்களுக்குச் சிதைவு, கலப்பு, திரிபு.

ஒலி ஒற்றுமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் கடலூரிலேயே சாட்சி உண்டு. திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊர். பாடலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் அது. பாடலி என்ற அதே மரத்தால் கங்கைக் கரையில் ஒரு பாடலிபுத்திரம் இருந்தது போல இங்கும் ஒன்று இருந்தது. கி.பி. 458ல் சர்வநந்தி என்ற சமணர் பிராகிருதத்தில் ‘லோகவிபாகம்’ எழுதியது இங்கேதான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்திறங்கிய ‘பாத்ரே’ தமிழில் பாதிரி ஆனார். மரமும் பாதிரி, அங்கி போட்ட சாமியாரும் பாதிரி. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு வேர் கண்டுபிடிக்கக் கெட்டிக்காரன் ஒருவனுக்கு அரை மணி நேரம் போதும். செர்பிய மொழியிலும் இப்படி ஒன்று. அங்கே ‘மாய்தான்’ என்றால் சுரங்கம். மாய்தான்பெக் என்று தாமிரச் சுரங்க ஊரே இருக்கிறது. அது நம் மைதானத்துக்கு உறவே இல்லை. கனிமத்தைக் குறிக்கும் வேறொரு அரபுச் சொல் துருக்கி வழியாகத் தேய்ந்து வந்து இதே முகத்தை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி ஒன்றாக இருப்பது உறவுக்குச் சாட்சியாகாது. உறவே இருந்தாலும் அர்த்தம் ஒன்று என்பதற்கு அது சாட்சியாகாது.

இரண்டாவது கோஷ்டி நம்மவர்கள். சொல்லுக்கு அர்த்தம் என் அனுபவம் தருவதுதான், அகராதியும் சரித்திரமும் எனக்கு எதற்கு என்பவர்கள். வேர்க்காரர் சொல்லைப் புதைபொருளாக்குகிறார். இவர் அதைச் சொந்தச் சொத்தாக்குகிறார். இரண்டு பேருமே அதைத் தெருவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

4

இப்போது அம்பலம். தமிழில் அது பலர் கூடும் மன்று. மேலூர், சிவகங்கைப் பக்கங்களில் அந்த மன்றில் தலைமை தாங்குகிறவருக்கே அம்பலம் என்று பட்டம். ‘விஷயம் அம்பலமாகிவிட்டது’ என்றால் மறைத்தது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. தில்லையில் அது கடவுள் ஆடுகிற இடம். ஊர் வழக்குத் தீர்க்கிற இடமும், மானம் போகிற இடமும், கடவுள் ஆடுகிற இடமும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயல் இல்லை. மூன்றிலும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் இல்லாமல் அம்பலம் இல்லை.

மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். சாதாரண ஜனங்களின் பேச்சுச் சொல். மன்று சுருங்கிக் கோயில் ஆனதோடு நிற்கவில்லை. அந்தக் கோயில் உள்ளே வரக்கூடாதவர்கள் என்று ஒரு பெருங்கூட்டத்தை வைத்துக்கொண்டது. 1924-25ல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம் உள்ளே போவதற்காகக்கூட அல்ல. அம்பலத்தைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காகச் சிறை சென்றார். திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொது என்று பொருள்பட்ட சொல் ஒன்று விலக்கு என்ற பொருளைச் சுமந்து நடந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

அதே சொல் கடலைத் தாண்டிச் சிங்களத்தில் ‘அம்பலம’ ஆயிற்று. சிங்களம் திராவிட மொழி அல்ல, ஆரியக் கிளை. ஆனால் சொற்கள் குடும்பம் பார்த்துப் பழகுவதில்லை. அம்பலம என்றால் வழிப்போக்கர் தங்குகிற மடம். பக்கங்கள் திறந்த கூரை, உட்காரவும் படுக்கவும் இடம். கொழும்பிலிருந்து கண்டி போகிற சாலையில் கடுகண்ணாவையில் பழைய அம்பலம ஒன்று நிற்கிறது. வியாபாரி, யாத்திரிகன், வண்டிக்காரன் என்று மழைக்கு ஒதுங்குகிறவர் எவருக்கும் அது இடம் கொடுத்தது. சொல்லின் ஆதி இயல்பை, அதற்குச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம் இழந்த இடத்தில், கடன் வாங்கியவன் பத்திரமாக வைத்திருந்தான்.

5

தில்லைக்கு வருகிறேன். தேவாரம் பாடியவர்களுக்கு இது தில்லை, கோயில் சிற்றம்பலம். இன்றும் ஓதுவார் பதிகத்தைத் தொடங்குமுன்னும் முடித்தபின்னும் சொல்வது ‘திருச்சிற்றம்பலம்’ என்றுதான். சிதம்பரம் என்பது சிற்றம்பலத்தின் ஒலியை ஒட்டிக் கட்டிய வடமொழிப் பெயர் என்பது பெரும்பாலோர் கருத்து. சித் என்றால் அறிவு. அம்பரம் என்றால் ஆகாயம். ஒலியில் சிறிய நகர்வுதான், பொருளில் பள்ளத்தாக்கு. சிறிய மன்று ஞான ஆகாயம் ஆயிற்று. 1918ல் ஆனந்த குமாரசாமி சிவ நடனம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் இந்த ஆகாயத்தைத்தான். ஐரோப்பியர் கேட்டு மயங்கினார்கள். மயங்க வேண்டிய அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆகாயத்தில் கூட்டம் இருக்காது. மன்றில் இருக்கும்.

சிதம்பர ரகசியம் என்பதும் இதோடு சேர்ந்தது. திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் வெற்றிடம். அருவத்தைக் காட்ட இதைவிடத் துணிச்சலான வழி இல்லை. ஆனால் பெயரிலேயே ‘எல்லோரும் பார்’ என்று சொல்கிற ஒரு இடம் தன் மையத்தில் ரகசியத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்ற முரணை ஏன் எந்தக் கவிஞரும் தொடவில்லை?

கோயிலை நிர்வகிக்கிறவர்களுக்குப் பெயர் பொது தீட்சிதர்கள். அங்கே ‘பொது’ என்பது அவர்களுக்குள் பொது. அரசுக்கும் வழக்குமன்றங்களுக்கும் பக்தர்களுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தகராறு, சட்டத்தின் பாஷையைக் கழித்துவிட்டால், ‘பொது’ என்ற ஒரு சொல்லின் அர்த்தம் பற்றிய தகராறுதான். 2008 மார்ச்சில் அரசாணையின் பேரில், போலீஸ் காவலோடு, ஓதுவார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடினார், தள்ளுமுள்ளு நடந்தது. 2014 ஜனவரி 6ல் உச்ச நீதிமன்றம் நிர்வாகம் தீட்சிதர்களுக்கே என்றது. 2022 மே மாதம் பக்தர்கள் கனகசபை மேல் ஏறி வணங்கலாம் என்று அரசு ஆணையிட்டது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது அதே படிகளில் மறுபடி சச்சரவு. நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று நம் ஜனங்கள் என்றோ சொல்லிவைத்த பழமொழி இருக்கிறதே, அதில் எத்தனை அம்பலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்று பாருங்கள். ஊர்ச் சபை இருக்கிறது. கோயில் மேடை இருக்கிறது. வாசலிலேயே நின்றுவிட்ட நந்தன் இருக்கிறார். தீக்குள் இறங்கி எழுந்த பிறகே அம்பலம் ஏற முடிந்தவர் அவர். ஒரு பெயர் தெரியாத கிழவியின் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய அந்த நான்கு சொற்களில் இருக்கிற அடர்த்தி நம் வெளிக் கவிதைகளில் இல்லை.

6

இந்தப் பிரதேசத்தோடு சம்பந்தப்பட்ட மூன்று எழுத்தாளர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மௌனி 1985ல் இறக்கும்வரை சிதம்பரத்தில் வாழ்ந்தவர். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றது பிரசித்தம். ‘அழியாச்சுட’ரின் கோயிலில் பூசை நடக்கிறது, ஆட்கள் வந்துபோகிறார்கள், ஆனால் விளக்கொளியும் நிழலும் யாளியும் ஒரு மனத்துக்குள் நடப்பவை. மௌனி அம்பலத்தை அம்பரமாக்கியவர். அவர் அதைச் சாதித்தார் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. அந்த யாளிக்குக் கல்லின் கனம் இருக்கிறது. வெற்றிடத்தைக் காட்ட அவருக்கு ஒரு தங்க வில்வ மாலையாவது இருந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் மாலையைக் கழற்றிவிட்டு வெற்றிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயகாந்தன் 1934ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அவருடைய குரல் மைதானத்தின் குரல். பாத்திரங்கள் பக்கத்தில் இருப்பவனோடு பேசும்போதும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிறார்கள். சிறு பத்திரிகைகள் இதைப் பலமாகவே கண்டித்தன, கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவருடைய மைதானத்தில் ஜனங்கள் இருந்தார்கள். சேரியும் ரிக்ஷாவும் நடைபாதையும் இருந்தன. சத்தத்தைக் கண்டித்த நாம், சத்தத்தோடு ஜனங்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

புதுமைப்பித்தன் 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார்; தகப்பனார் உத்தியோகத்தால் நேர்ந்தது அது. அவர் பாஷை திருநெல்வேலி. இருந்தாலும் இந்த விசாரணைக்கு அவரே முடிவான சாட்சி. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் அவர் செய்தது என்ன? அம்பலத்தில் ஆடுகிறவரை இறக்கிப் பிராட்வே மூலையில் நிறுத்தினார். காப்பி குடிக்க வைத்தார், ரிக்ஷாவில் ஏற்றினார். கூத்தனார் என்று பெயர் வைத்து, பிழைப்புக்காக ஒரு கலா ரசிகரின் வீட்டில் ஆடிக் காட்ட வைத்தார். ரசிகருக்கு அது கலையாகப் படவில்லை. கடவுளின் கூத்தே அம்பலம் ஏறவில்லை. பழமொழியை இவ்வளவு தூரம் திருப்பிப் போட்டவர் வேறு யார்? ‘புதிய நந்த’னில் நந்தனுக்குத் தீ வைக்கவில்லை, தண்டவாளத்தில் ரயில் வருகிறது. இரண்டு கதையிலும் ஆகாயத்துக்குப் போன சொல்லை அவர் தரைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தரை கறையில்லாத தரையாகவும் இல்லை.

கவிதையில் இது முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரமிளின் ‘காவியம்’ என்ற சிறு கவிதை பலருக்கு மனப்பாடம். சிறகை விட்டுப் பிரிந்த ஓர் இறகு காற்றில் மிதந்து போவதைப் பற்றியது. அதில் வெளி என்ற சொல்லே கிடையாது. வெளி முழுக்க இருக்கிறது. ஏனென்றால் ஒரு பறவை அங்கே வாழ்ந்து போயிருக்கிறது. இடத்தைச் சொல்லவில்லை, இடத்தில் நடந்ததைச் சொன்னார். ஓம்ஸ்க் கைதிகள் ஒன்றரை முழக் கம்பளத்தில் செய்ததும் இதுதான்.

ஆகவே இனி வெளி என்ற சொல்லோடு என் முன் வருகிற கவிதையிடம் நான் கேட்கப்போகிற கேள்விகள் எளிமையானவை. இந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கியவர் யார்? வாசலில் நிறுத்தப்பட்டவர் யார்? மழை வந்தால் வழிப்போக்கன் ஒருவன் இதற்குள் ஒதுங்க முடியுமா? பதில் இல்லாத கவிதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அம்பரம். நமக்கு வேண்டியது அம்பலம்.